நாலு மடிப்புத் துணி

அறுபத்திரண்டு வீடுகளுக்கு அவள் தண்ணீர் திறந்துவிட்டாள். அறுபத்திரண்டு வீடுகளும் அவளைத் திட்டின. ஒரு நிமிடம் முந்தினால் தூக்கத்தைக் கெடுத்தாள் என்றார்கள். ஒரு நிமிடம் பிந்தினால் மேல் வரிசைக்காரர்களிடம் காசுக்குக் கை நீட்டிவிட்டாள் என்றார்கள். சரியான நேரத்துக்குத் திறந்த நாட்களில் தண்ணீரில் மருந்து நாறுகிறது என்றார்கள். தெருவில் அவளுக்கு வால்வுக்காரி என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் கசங்காமல் இருந்தது.

வால்வு என்பது தெருமுனையில் இஸ்திரிக் கடைக்குப் பக்கத்தில் ஒரு குழிக்குள் இருந்தது. இடுப்பு உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி, தலையில் குறுக்குக் கம்பி. அதைக் குழிக்குள் இறக்கிப் பதினோரு சுற்றுச் சுற்ற வேண்டும். அவசரப்பட்டுச் சுற்றினால் குழாய்களில் காற்று முட்டி இடி இடித்தது போலச் சத்தம் வரும், இணைப்புகள் விட்டுப்போகும். அவள் ஒரு சுற்றுக்கு ஒரு மூச்சு விட்டுத் திறப்பாள். ஐந்தரை மணிக்குக் கீழ் வரிசைக்கு முக்கால் மணி நேரம், அதன் பிறகு மேல் வரிசைக்கு முக்கால் மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரமும் குழியை விட்டு நகர மாட்டாள். நகர்ந்தால் யாராவது வந்து கூடக் கொஞ்சம் திருகிவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். அந்தத் தெருவை அவளுக்கு இருபத்தேழு வருடமாகத் தெரியும்.

வால்வுக்காரி ஆவதற்கு முன்னால் அவளுக்கு வேறொரு பெயர் இருந்தது. மரியாதையான பெயர். நாலுமடிப்பக்கா.

பத்தொன்பது வயதில் பெயின்ட் கம்பெனியில் வடிகட்டும் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவள் அவள். கட்டி தட்டிய பெயின்டை நாலாக மடித்த பருத்தித் துணியில் வடிப்பார்கள். மூன்று மடிப்பில் கட்டி நழுவிவிடும், ஐந்து மடிப்பில் பெயின்டே இறங்காது. அந்தக் காலத்தில் தெருவுக்கு வாரம் இரண்டு முறை டேங்கர் லாரி வரும். லாரியின் ரப்பர் குழாய் வாயிலிருந்து தண்ணீரோடு துருவும், சிவப்பாக நெளியும் பூச்சியும் சேர்ந்து விழும். அதைக் கையால் பொறுக்கிவிட்டுக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் அவள் பழைய வேட்டித் துண்டை நாலாக மடித்து, சைக்கிள் டியூபில் ஒரு வளையம் வெட்டி, லாரிக் குழாயின் வாயில் மாட்டிக் காட்டினாள். பத்துக் குடம் நிரம்பிய பிறகு துணியை அவிழ்த்து விரித்தபோது அதில் இருந்ததைப் பார்த்துவிட்டு இரண்டு பேர் அன்று சாப்பிடவில்லை. அடுத்த வாரம் வீட்டுக்கு ஒரு துணி வந்தது, துணிக்கு ஒரு வளையம் வந்தது.

இன்னொன்றையும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். டேங்கரின் அடியில் சேறு தங்கும், அதனால் முதல் குடம் குடிக்க, கடைசிக் குடம் கழுவ. இந்த இரண்டையும் தெரு வேதமாக எடுத்துக்கொண்டது. புதிதாகக் கல்யாணமாகி வரும் பெண்ணுக்கு அடுப்பு எங்கே என்று காட்டுவதற்கு முன்னால் துணி எங்கே என்று காட்டினார்கள். வயிற்றுப்போக்கு பாதியாகக் குறைந்தது. அவளை அக்கா என்று கூப்பிட அவளைவிட மூத்தவர்களும் கூசவில்லை.

அவளுடைய கணவர் வேறோர் ஊரில் வேறொரு குடும்பத்தோடு சௌக்கியமாக இருந்தார். அதனால் அவள் தம்பியோடு இருந்தாள். அவளுக்கு ஓர் அறை, தம்பி குடும்பத்துக்கு ஓர் அறை. இரண்டு அடுப்பு, பின்னால் ஒரே முற்றம். தம்பிதான் அந்த டேங்கரை ஓட்டினான். அதனால் அவர்கள் வீட்டுக்கு இரண்டு குடம் கூடக் கிடைக்கும் என்று தெரு முணுமுணுத்தது. அது உண்மைதான்.

இந்த நிலையில் அவள் எதற்காகக் குழாய்த் தண்ணீருக்கு அலைந்தாள் என்று தம்பிக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒரு நாள் பெயின்ட் கம்பெனிக்காரர் வீட்டுக்கு ஏதோ கொடுக்கப் போனவள், அங்கே தோட்டத்துக்கு ஊற்றுகிற குழாய்த் தண்ணீரின் மாதக் கட்டணத்தைக் கேட்டாள். தெருவில் ஒரு வீடு டேங்கருக்குக் கொடுக்கிற காசில் நாலில் ஒரு பங்கு அது. அதிகம் கொடுத்துக் கெட்ட தண்ணீர் குடிப்பவர்கள் தாங்கள் என்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. வீட்டுப் பத்திரம் இல்லாதவர்களும் தெருவாகச் சேர்ந்து விண்ணப்பித்தால் குறைந்த கட்டணத்தில் குழாய் கொடுக்கும் திட்டம் ஒன்று இருந்தது. ஒன்றரை வருடம் நீர் அலுவலகத்துக்கு நடந்தாள். அங்கே ஒரு ஜூனியர் இன்ஜினியர். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதும் வேலையிடத்துத் தலைக்கவசத்தைக் கழற்றாதவர். தெருவில் அவரை ஹெல்மெட் என்றார்கள். “உங்க ஆளுங்களுக்குக் குழாய் குடுத்தா குழாயையே கழட்டி வித்துடுவீங்க” என்று முதல் நாளே சொன்னவர். அவள் மறுநாளும் போனாள்.

குழாய் வந்தது. வாங்கிவந்தவள் என்று வால்வுச் சாவியும் அவள் கைக்கு வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. தெருவில் பெரும்பான்மை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் இணைப்பை எடுத்து ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துத் தெருவுக்குக் கொடுத்துவிடுவார்கள். அங்கே விண்ணப்பங்களைப் பூர்த்திசெய்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். யார் வேண்டாம் என்று எழுதுவார்கள் என்று அவள் அன்று சிரித்தாள்.

குழாய் வந்த வாரமே டேங்கர் முதலாளி தம்பிக்கு வேலையை இரண்டு நாளாகக் குறைத்தார். தம்பி அக்காவிடம் பேசுவதை நிறுத்தினான். சொல்ல வேண்டியது இருந்தால் மனைவியிடம், “அவங்ககிட்ட சொல்லு” என்று அக்காவின் காது கேட்கச் சொல்வான்.

இரண்டாவது மாதம் தெருவில் பிள்ளைகளுக்கு வயிறு கெட்டது. முதலில் நாலு பேர், பிறகு பதினொரு பேர். தையல்காரியின் மூத்த பெண் பரீட்சை எழுதப் போய் பாதியில் எழுந்து ஓடி வந்தாள். அந்தத் தையல்காரி நாக்கைக் கத்தரிக்கோலாகவே வைத்திருந்தவள். மறுநாள் காலை குழிக்குப் பக்கத்தில் வந்து நின்று, பதினோரு சுற்றும் முடியும் வரை காத்திருந்து, “சுத்து, நல்லாச் சுத்து. எங்க வீட்டுல கக்கூஸ் கதவும் அதே மாதிரிதான் சுத்துது” என்றாள்.

நீர் அலுவலகத்திலிருந்து பரிசோதனைக்காரம்மா வந்தாள். சாதுவான பெண், கையில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் கண்ணாடிக் குழல்கள். குழாயை இரண்டு நிமிடம் ஓடவிட்டு, குழலில் தண்ணீர் பிடித்து, மருந்துச் சொட்டு விடுவாள். தண்ணீர் மஞ்சளாக மாறினால் அதில் கிருமியைக் கொல்லும் மருந்து இருக்கிறது, குடிக்கலாம். மாறாவிட்டால் ஆபத்து. எல்லா வீட்டிலும் மஞ்சள். மூன்று முறை வந்தாள், மூன்று முறையும் மஞ்சள். வால்வுக்காரிக்கும் ஒரு குழலும் ஒரு மருந்துப் புட்டியும் கொடுத்துவிட்டுப் போனாள். ஹெல்மெட் முடிவைப் படித்துவிட்டுத் தெருவிலேயே நின்று, தண்ணி சுத்தம்தான், ஆளுங்கதான் சுத்தமில்லை என்றார். அதை அவர் மெதுவாகச் சொல்லியிருக்கலாம்.

அந்த ஒரு வார்த்தையில் தெரு ஒன்றுசேர்ந்தது. பத்து வருடமாகப் பேசிக்கொள்ளாத மேல் வரிசையும் கீழ் வரிசையும் கை கோத்துக்கொண்டன. ஹெல்மெட் காரில் ஏறிப் போய்விட்டார். கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தவள் வால்வுக்காரி.

அவள் சும்மா இருக்கவில்லை. குழாய் போகும் வழியெல்லாம் குனிந்து நடந்து கசிவு தேடினாள். சாக்கடை ஓரத்தில் மண்ணைத் தோண்டிப் பார்த்தாள். ஒரு நாள் மத்தியானம் தம்பி மனைவி பிடித்து வைத்த தன் வீட்டுக் குடத்தில் குழலை அமிழ்த்திச் சொட்டு விட்டாள். மஞ்சளாகவில்லை. குடத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். மறுநாளும் மஞ்சளாகவில்லை. குழாயில் வரும்போது இருக்கிற மருந்து குடத்துக்குப் போகும்போது எங்கே போகிறது என்று அவளுக்குப் புரியவில்லை. காய்ச்சிக் குடிக்கச் சொல்லி வீடு வீடாகப் போனாள். எரிவாயுவை உன் அப்பன் கொடுப்பானா என்றார்கள்.

பிறகு தம்பியின் மகனுக்கு வந்தது. ஒன்றரை வயது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ஊசி வழியாகத் தண்ணீர் ஏற்றினார்கள். பார்க்கப் போனவளைத் தம்பி மனைவி வாசலிலேயே நிறுத்தினாள். அதிகம் பேசாத பெண். புகுந்த வீட்டில் ஆறு வருடத்தில் ஒரு முறைகூட நாத்தனாரை எதிர்த்துப் பேசியதில்லை.

“அண்ணி, நீங்க கொண்டாந்த தண்ணி என் புள்ள உடம்புல நிக்கல. இப்போ கையில குத்தி வேற தண்ணி ஏத்துறாங்க. நீங்க வீட்டுக்குப் போங்க.”

அவள் வீட்டுக்குப் போனாள்.

பிள்ளை பிழைத்து வந்த மறுநாள் தையல்காரி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறிக் கையெழுத்து வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை குழிக்குப் பக்கத்துக் காலி இடத்தில் கூட்டம். குழாய் வேண்டாம், டேங்கரே வரட்டும் என்று எழுதி ஹெல்மெட்டிடம் கொடுப்பது. டேங்கர் முதலாளி அன்று ஒரு லாரி தண்ணீரை இலவசமாக அனுப்புவதாகச் சொல்லியிருந்தார். அவர் இதுவரை இலவசமாகக் கொடுத்தது காலண்டர் மட்டும்தான்.

வியாழக்கிழமை காலை குழிக்குப் போனபோது அங்கே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். தையல்காரி முன்னால் நின்றாள். ஞாயிறு வரைக்கும் நீ இதைத் தொடக் கூடாது என்றாள். அப்படியானால் யார் திறப்பது என்று இவள் கேட்டாள். கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. தம்பியின் கை.

அவள் சாவியை அவனிடம் கொடுக்கவில்லை. தரையில் வைத்தாள். அவன் குனிந்து எடுத்தான். “பதினோரு சுத்து, மெதுவா” என்று சொன்னாள். அவன் இஸ்திரிக்காரரைப் பார்த்து, “அவங்ககிட்ட சொல்லுங்க, லாரி ஓட்டுறவனுக்கு வால்வு தெரியும்னு” என்றான். இஸ்திரிக்காரர் கரியை ஊதிக்கொண்டே, நடுவுல என்னை ஏம்ப்பா தபால்காரனாக்குறே என்றார்.

அவள் வீட்டை நோக்கி நடந்தாள். பாதி வழியில் காலுக்கு அடியில் குழாய் இடித்தது. அவன் ஒரே மூச்சில் திறந்திருக்கிறான். தெருவெல்லாம் டமார் டமார் என்று சத்தம். ஒரு கிழவர் யாரையோ கெட்ட வார்த்தையில் கேட்டார்.

முற்றத்துக்குள் நுழைந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. குழாய் வந்து நாலு மாதமாகிறது. தண்ணீர் வரும் நேரத்தில் அவள் வீட்டில் இருப்பது இதுதான் முதல் தடவை. தெருவுக்கே தண்ணீர் திறந்துவிட்டவள் ஒரு வீட்டுக் குழாயிலும் தண்ணீர் விழுவதைப் பார்த்ததில்லை. பரிசோதனைக்காரம்மா வரும் நாட்களில் இஸ்திரிக்காரரைக் குழிக்குக் காவல் வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தது வேறு கதை. அது விருந்தாளிக்கு வைத்த சாப்பாடு.

தம்பி மனைவி இவளைப் பார்த்தும் பார்க்காதவளாகக் குழாயடிக்கு வந்தாள். சாக்கடை வாய்க்கு மேலே சுவரில் ஓர் ஆணி. அதிலிருந்து ஒரு சதுரத் துணியை எடுத்தாள். நாலு மடிப்பு. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும், இப்போது சாம்பல் பூனை நிறம். ஓரத்தில் பாசி போல ஒரு வழவழப்பு. குழாயின் வாயில் வைத்துச் சைக்கிள் டியூப் வளையத்தை இழுத்து மாட்டினாள். தண்ணீர் வந்தது. முதலில் வந்ததைப் பிள்ளையின் பால் கலக்கும் சின்னப் பாத்திரத்தில் பிடித்தாள். அடுத்து குடிக்கிற குடம்.

“இது எப்போலேருந்து கட்டுறே?”

“குழாய் வந்த நாள்லேருந்து.”

“அந்தம்மா சோதனைக்கு வந்தப்போ இல்லையே.”

“வெளியாள் வர்றப்போ கந்தலைத் தொங்க விட்டுக்கிட்டா நிப்பாங்க? அவுத்து வச்சிட்டு, போனதும் மாட்டிக்குவோம். எல்லா வீட்டுலயும் அப்படித்தான்.” குடத்தை நகர்த்திவிட்டு நிமிர்ந்தாள். “நான் இந்த வீட்டுக்கு வந்த அன்னிக்கு நீங்க முதல்ல சொன்னதே இதுதான். துணி இல்லாம ஒரு சொட்டு உள்ள வரக் கூடாதுன்னு.”

வால்வுக்காரி உள்ளே போய்க் குழலையும் புட்டியையும் எடுத்து வந்தாள். பால் பாத்திரத்திலிருந்து ஒரு குழல் தண்ணீர், ஐந்து சொட்டு. வெறும் தண்ணீராகவே நின்றது. பிறகு எட்டி வளையத்தைக் கழற்றித் துணியைப் பிடுங்கினாள். கையில் ஈரமான பல்லியைப் பிடித்தது போல இருந்தது. குழாயிலிருந்து நேராக ஒரு குழல் பிடித்தாள். அதே ஐந்து சொட்டு. எலுமிச்சம்பழத் தோல் போல மஞ்சள்.

இரண்டு குழலையும் சுவர் மேல் நிறுத்தி வைத்தாள். குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் தண்ணீரை ஓடவிடுவது ஒரு பெரிய குற்றம், ஆனாலும் இரண்டு பேரும் அடைக்கவில்லை.

டேங்கர் காலத்தில் துணியை வாரம் இரண்டு முறை கட்டினார்கள். நடுவில் வெயிலில் மொடமொடவென்று காய்ந்தது. இப்போது தினமும் நனைகிறது, சாக்கடைக்கு மேலே தொங்கி ராவெல்லாம் ஊறுகிறது. காலையில் அந்த ஊறலை முதல் தண்ணீர் கழுவி இறக்குகிறது. அந்த முதல் தண்ணீர், அவள் கற்றுக்கொடுத்தபடி, குடிக்கப் போகிறது. அதிலும் முதல் மடக்கு பிள்ளைகளுக்கு.

தம்பி மனைவி இரண்டு குழலையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் எட்டாவது வரை படித்தவள், விளங்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பால் பாத்திரத்தைச் சாக்கடையில் கவிழ்த்தாள். அறைக்குள் போய்த் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். நின்றது இவள் பக்கத்தில் அல்ல.

“கூட்டத்துல சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்வேன்.”

வெள்ளியும் சனியும் வால்வுக்காரி பின்சந்தில் நடந்தாள். வேலைக்குக் கிளம்புகிறவள் மாதிரி, தண்ணீர் வரும் நேரத்துக்கு. ஒவ்வொரு முற்றத்திலும் ஒரு குழாய், ஒவ்வொரு குழாயின் வாயிலும் ஒரு முகமூடி. துணி இல்லாத வீடு மூன்றுதான் இருந்தது. அந்த மூன்றிலும் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. ஒரு வீடு துணியைப் புதிதாக ஆறு மடிப்பாக ஏற்றியிருந்தது. பிள்ளைக்குச் சுகமில்லாத வீடு, கூடுதல் ஜாக்கிரதை.

சொல்வது சுலபம் என்று தோன்றும். சுலபமில்லை. துணிதான் காரணம் என்று சொன்னால் ஹெல்மெட் சொன்னதே சரி என்றாகிவிடும். தண்ணி சுத்தம், ஆளுங்கதான் சுத்தமில்லை. அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் தெரு கையெழுத்துப் போட்டிருந்தது. அதையே இவளும் சொன்னால் இன்னொரு கையெழுத்துக்கூட வேண்டாம், கையாலேயே குழாயைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். தெருவை அழுக்கு என்று சொல்லாமல் துணியை அழுக்கு என்று சொல்ல ஒரே ஒரு வழி இருந்தது. சனிக்கிழமை முழுவதும் வேறு வழி இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தாள். சோறு வடித்தபோதும் யோசித்தாள். இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலி இடத்தில் டேங்கர் வந்து நின்றது. கழுவித் துடைத்து மாப்பிள்ளை மாதிரி இருந்தது. தம்பி அதன் படியில் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட் வந்திருந்தார், பரிசோதனைக்காரம்மாவும் பெட்டியோடு வந்திருந்தாள். வெயிலில் பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றார்கள். தையல்காரி நோட்டைத் திறந்து படிக்க ஆரம்பித்தபோது வால்வுக்காரி முன்னால் வந்து, படிப்பதற்கு முன்னால் ஒரு சோதனை பார்க்க வேண்டும், யார் வீட்டுத் துணியாவது ஒன்று வேண்டும் என்றாள். என்ன துணி என்றார்கள். குழாயில் கட்டுகிற துணி என்றாள். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உள்பாவாடையைக் கேட்டது போல இருந்தது அவர்களுக்கு. ஹெல்மெட் எதிரில் நிற்கிறார்.

“எங்க வீட்டுச் சாமான்ல நீ ஏன் கை வைக்கிறே?” என்றாள் தையல்காரி.

தம்பி மனைவி பிள்ளையை இடுப்பில் வைத்தபடி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். பிளாஸ்டிக் பையிலிருந்து தன் வீட்டுத் துணியை எடுத்துப் பரிசோதனைக்காரம்மாவின் பெட்டி மேல் போட்டாள். போட்ட சத்தம் தவளை விழுந்தது போல இருந்தது. தம்பி படியிலிருந்து எழுந்தான்.

பரிசோதனைக்காரம்மா அதைப் பார்த்ததும் முகம் மாறினாள். எத்தனை முறை வந்திருக்கிறாள், இதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. வால்வுக்கு முன்னாலேயே இணைத்திருந்ததால் எப்போதும் தண்ணீர் வரும் இஸ்திரிக் கடைக் குழாயிலிருந்து ஒரு குழல் பிடித்தாள். மஞ்சள். அதே தண்ணீரைத் துணியில் ஊற்றி, பிழிந்து, இன்னொரு குழலில் பிடித்தாள். சொட்டு விட்டாள். எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். அது மஞ்சளாகவில்லை. லேசாகக் கலங்கி, கொசகொசவென்று எதுவோ மிதந்தது.

ஹெல்மெட் சிரித்தார். “நான் அப்பவே சொன்னேனா இல்லையா?”

தையல்காரி நோட்டை மூடினாள். “ஆக, நாங்க அழுக்கு. இந்த ஆளு சொன்னதைத்தான் நீயும் சொல்ல வந்திருக்கே. வா, போகலாம், ரெண்டு பேரும் ஒரே கார்ல போங்க.”

“அழுக்குன்னு நான் சொல்லல.” வால்வுக்காரியின் குரல் பெரிதாக எழும்பவில்லை. “டேங்கர் தண்ணிக்குச் சொன்ன வழி அது. குழாய்த் தண்ணிக்கு அது விஷம். துணி கட்டச் சொன்னது நான். முதல் குடத்தைக் குடிக்கச் சொன்னது நான். குழாய் வந்தப்போ அவுக்கச் சொல்லியிருக்கணும். எனக்கு அது தோணவே இல்ல. உங்க புள்ளைங்க படுத்தது என்னாலதான்.”

உடனே எல்லோரும் ஆரம்பித்தார்கள். அதுவரை நாலு மாதத்துக் கோபம்தான் இருந்தது. இப்போது இருபத்தேழு வருடத்துக்கும் சேர்த்து வந்தது. டேங்கரில் கூட வாங்கிய இரண்டு குடம் வந்தது. ஓடிப்போன கணவர் வந்தார். பெற்றிருந்தால்தானே பிள்ளையின் அருமை தெரியும் என்று ஒருத்தி சொன்னாள், அதற்கு மட்டும் இன்னொருத்தி, சீ அதை விடு என்றாள். ஹெல்மெட் கடிகாரத்தைப் பார்த்து, கையெழுத்து இருந்தால் கொடுங்கள், அந்தப் பக்கத்துத் தெருக்காரர்கள் காத்திருக்கிறார்கள் என்றபோதுதான் வால்வுக்காரி அவர் பக்கம் திரும்பினாள்.

“சார், குழாயை வச்சிட்டுப் போனீங்க. எப்படிப் புடிக்கணும்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? மூணு தடவ சோதனைக்கு வந்தீங்க. வர்றோம்னு முந்தின நாளே சொல்லிட்டு வந்தீங்க. சொல்லிட்டு வந்தா எந்த வீட்டுல கந்தல் தெரியும்?”

ஹெல்மெட் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். தையல்காரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வால்வுக்காரியை வெறுப்பதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ஹெல்மெட்டுக்கு ஒரு வேலையை மிச்சப்படுத்திக் கொடுப்பது அவளுக்கு அதைவிடக் கசந்தது.

இஸ்திரிக்காரர்தான் முடித்து வைத்தார். குழாயை வெட்டினால் திரும்ப ஒட்ட மாட்டார்கள், கையெழுத்தை எப்போது வேண்டுமானாலும் கொடுக்கலாம், இரண்டு வாரம் அந்தக் கந்தலைக் கழற்றித்தான் பார்ப்போமே என்றார். முதலில் வரும் இரண்டு வாளி கழுவ, பிறகு குடிக்க. பிள்ளைகளுக்கு அப்போதும் போனால் நானே அந்த நோட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார்.

தையல்காரி கூட்டத்தைப் பார்த்தாள். “சரி. ஆனா சாவி இவ கையில இருக்கக் கூடாது.”

அதில் இரண்டு கருத்து இருக்கவில்லை. நோட்டில் அந்த ஒன்றை மட்டும் புதிதாக எழுதினார்கள், கையெழுத்து மளமளவென்று விழுந்தது. வால்வு திறப்பது தம்பியின் வேலையாயிற்று. அவன் மாட்டேன் என்று சொல்லவில்லை. வாரம் இரண்டு நாள் வேலை இருப்பவன் எப்படிச் சொல்வான்?

கூட்டம் கலைவதற்கு முன்னால் இலவச டேங்கரை யாரும் வீணாக்கவில்லை. குடங்களோடு வரிசையில் நின்றார்கள். வீட்டுக்கு ஓடிப்போய்த் துணியை எடுத்து வந்து, லாரிக் குழாய்க்கு நாலு மடிப்பாகக் கட்டிக்கொண்டார்கள். அதற்கு அதுதான் முறை. வால்வுக்காரி அதைப் பார்த்தாள்.

இரண்டு வாரத்தில் பிள்ளைகளின் வயிறு நின்றது. யாரும் வந்து சொல்லவில்லை. நோட்டு யார் வீட்டுப் பரணிலோ ஏறியது. தையல்காரி தன் வீட்டுத் துணியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, தைக்கும்போது எண்ணெய் துடைக்க வைத்துக்கொண்டாள். வால்வுக்காரி என்ற பெயர் தம்பிக்கு வால்வுக்காரனாகப் போய்ச் சேர்ந்தது. அக்கா என்ற பழைய பெயர் அவளுக்குத் திரும்பி வரவில்லை. இப்போது அவளைக் கந்தல்காரி என்கிறார்கள். தண்ணீர் வரும் நேரத்தில் அவள் பின்சந்தில் நடப்பதை விடவில்லை. எந்தக் குழாயிலாவது துணி தெரிந்தால் கதவைத் தட்டுவாள். வந்துட்டா கந்தல்காரி என்று உள்ளே இருந்து குரல் வரும், துணி அவிழும், கதவு திறக்காது. தட்டின கையை இடுப்பில் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவாள்.

அவளுடைய வீட்டில் வேறொரு வழக்கம் ஏற்பட்டது. கூட்டத்துக்கு மறுநாள் காலை தம்பி குழியில் இருந்தான். அவள் சந்துக்குக் கிளம்பச் செருப்பை மாட்டினாள். தம்பி மனைவி வெறும் குழாயை இரண்டு வாளிக்கு ஓடவிட்டாள். பிறகு ஒரு டம்ளர் பிடித்துக்கொண்டு வந்து முன்னால் நீட்டினாள்.

“நீங்க முதல்ல குடிங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு நான் புள்ளைக்குக் குடுக்குறேன்.”

ஐந்து நிமிடத்தில் ஒன்றும் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். தம்பி மனைவிக்கும் தெரியும். அவள் டம்ளரை வாங்கி நின்றபடியே முழுவதையும் குடித்தாள். மருந்து வாடை தொண்டையில் இறங்கியது. தம்பி மனைவி பிள்ளையோடு எதிரில் உட்கார்ந்து அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடமும் பார்த்தாள்.

மறுநாளும் டம்ளர் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. பிள்ளை இப்போது ஓடுகிறான். தெருமுனையில் குழாய் இடிக்கும் சத்தம் கேட்டதும் அவனே டம்ளரை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வருகிறான். அப்பா இன்னும் ஒரே மூச்சில்தான் திறக்கிறான். டம்ளரை வாங்கிப் பிடித்து அவன் அத்தையிடம் நீட்டுகிறாள் தம்பி மனைவி. அவள் குடிக்கிறாள். வெறும் டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு, ஐந்து நிமிடம் ஆகும் வரை வாசற்படியில் நின்றுவிட்டுத்தான் கிளம்புகிறாள்.